பத்து நிமிட வளைவு: ஐரோப்பியச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

உங்கள் பயணத் திட்டத் தாள்களை நான் விடாமல் படிப்பவன். பாரிசில் குடியிருக்கும் புதுச்சேரிக்காரன் என்பதால், ஊரிலிருந்து யார் புறப்பட்டாலும் அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எல்லாம் சரியாக இருக்கிறதா, கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்பார்கள். நிறுவனம் மாறினாலும் பாரிஸ் பக்கம் மாறுவதில்லை. ஈஃபில் கோபுரத்தில் இரண்டாவது தளம் வரை. வாசனைத் திரவியக் கூடம். சேன் நதியில் படகு. இரவு இந்திய உணவகத்தில் சாப்பாடு. இவற்றுக்கு நடுவே ஒரு வரி: "ஆர்க் து திரியோம்ஃப், போட்டோ ஸ்டாப்." ஆர்க் து திரியோம்ஃப் என்றால் பாரிசின் வெற்றி வளைவு. இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது.

அது எப்படி நடக்கிறது என்பதை ஊரில் இருக்கும் உங்கள் அலுவலகத்தார் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்திருக்கிறேன். ஷான்ஸ் எலிசே சாலையின் மேல்முனைக்கு அருகில் பஸ் நிற்கிறது. "பத்து நிமிடம், அதற்குள் வந்துவிடுங்கள்" என்கிறார் வழிகாட்டி. சாலை நடுவில் பாதசாரிகள் ஒதுங்குவதற்கு விட்டிருக்கும் திட்டில் குடும்பம் குடும்பமாக ஏறி நிற்கிறார்கள். சிக்னல் மாறுவதற்குள் அண்ணன் குடும்பம் ஒரு படம், தம்பி குடும்பம் ஒரு படம், பிறகு எல்லோரும் சேர்ந்து ஒன்று. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இறங்குவதே இல்லை. கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "ஓ, இதுதானா" என்று தலையசைத்துக்கொள்கிறார்கள். துணிச்சல்காரர்கள் சிலர் வட்டச் சாலையைக் குறுக்கே கடந்து வளைவுக்கு ஓடப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு அகலச் சாலைகள் வந்து சேரும் வட்டம் அது. உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிதான் புதிதாக நுழையும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது அங்கே விதி. நம் ஊர்ப் போக்குவரத்தில் பழகிய கால்களுக்கும் அந்த இடம் ஆகாது. அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பிறகு தலை எண்ணி ஏற்றிக்கொண்டு பஸ் வாசனைத் திரவியக் கூடத்துக்குப் போகிறது. அங்கே தாராளமாக ஒரு மணி நேரம். விற்பனையில் உங்களுக்குப் பங்கு உண்டென்றால் இருக்கட்டும், தொழில் நடத்துபவர்களிடம் அதைப் போய்க் கேட்க மாட்டேன். ஒரு மணி நேரத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் இடையே உள்ள கணக்கைத்தான் கேட்கிறேன்.

அந்தப் பத்து நிமிடப் படத்தில் என்ன விழுகிறது என்று பாருங்கள். வளைவின் நான்கு பெரும் சிற்பத் தொகுதிகளில் ஷான்ஸ் எலிசேயைப் பார்த்த இரண்டு மட்டுமே விழுகின்றன. வலப்புறம் பிரான்சுவா ரூட் செதுக்கியது: 1792ஆம் ஆண்டு, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், தொண்டர்கள் போருக்குப் புறப்படும் காட்சி. இறக்கை விரித்த பெண் உருவம் வாய் பிளந்து கூவுகிறது. கீழே தாடிக்காரர் ஒருவர் ஒரு சிறுவனைத் தோளோடு அணைத்துக்கொண்டு நடக்கிறார். அந்தக் கூவலைக் கண்டு மக்கள் சிற்பத்துக்குத் தங்கள் தேசிய கீதத்தின் பெயரையே, "லா மார்செய்யேஸ்" என்று வைத்துவிட்டார்கள். இடப்புறம் கோர்த்தோ செய்த 1810ஆம் ஆண்டின் வெற்றி. நெப்போலியன் ரோமானிய உடையில் நிற்க, வெற்றித் தேவதை அவர் தலைக்கு மேல் மாலையைப் பிடித்திருக்கிறாள். எனக்கு அது கல்லில் எழுதிய வாழ்த்துப் பாவாகத்தான் தெரிகிறது. பக்கத்திலேயே ரூட்டின் சிற்பம் இருப்பது அதன் துரதிர்ஷ்டம்.

மற்ற இரண்டும் பின்பக்கம், கிராந்த் ஆர்மே சாலையைப் பார்த்து இருக்கின்றன. இரண்டையும் செய்தவர் எத்தெக்ஸ். ஒன்று 1814ஆம் ஆண்டின் எதிர்ப்பு: அந்நியப் படைகள் பிரான்சுக்குள் நுழைந்து, நெப்போலியன் முடி துறந்த ஆண்டு. இன்னொன்று 1815ஆம் ஆண்டின் அமைதி: போர்வீரன் வாளை உறையில் போடுகிறான், பக்கத்தில் ஒருவன் காளையை அடக்கி உழவுக்குத் தயாராகிறான். 1815 என்றால் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ. ஆக, வெற்றி வளைவு என்று நீங்கள் தாளில் அச்சிடும் கட்டடத்தின் பின்பாதி தோல்வியையும் அதற்குப் பின் வந்த அமைதியையும் பற்றியது. உங்கள் பயணிகள் போருக்குப் புறப்படுவதையும் வெல்வதையும் மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்றால் வேறொன்றும் தெரியாது.

கதையும் அப்படித்தான், முன்பக்கத்தோடு முடிவதில்லை. 1805 டிசம்பர் 2 அன்று ஆஸ்டர்லிட்ஸில் ஆஸ்திரியா, ரஷ்யா இரண்டின் படைகளையும் நெப்போலியன் முறியடித்தார். அடுத்த ஆண்டு இந்த வளைவைக் கட்ட ஆணையிட்டார். அவருடைய பிறந்த நாளான ஆகஸ்ட் 15 அன்று முதல் கல் வைக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஷால்கிரான். அடித்தளம் போடவே இரண்டு ஆண்டுகள் போயின. 1810இல் ஆஸ்திரிய இளவரசி மரி லூயிஸை மணந்து பாரிசுக்குள் அழைத்து வரும்போது, கட்டடம் தரையிலிருந்து சற்றுத்தான் எழும்பியிருந்தது. மணப்பெண் பாதி கட்டிய தூண்களைப் பார்த்தால் மதிப்பு என்ன ஆகும்? நம் ஊரில் மாநாட்டுக்கு மூங்கிலும் தட்டியும் வைத்து நுழைவாயில் எழுப்புவது போல, மரச்சட்டமும் வண்ணம் தீட்டிய துணியும் கொண்டு முழு அளவிலான வளைவையே நிறுத்திவிட்டார்கள். மறு ஆண்டு ஷால்கிரான் இறந்தார். நெப்போலியன் வீழ்ந்ததும் வேலை நின்றது. பிறகு மன்னர்கள் மாறி, ஆட்சிகள் மாறி, லூயி பிலிப் காலத்தில் 1836 ஜூலை 29 அன்றுதான் வளைவு திறக்கப்பட்டது. கட்டச் சொன்னவர் 1840 டிசம்பர் 15 அன்று கடும் குளிரில் அதனடியில் சென்றார், சிறைவைக்கப்பட்டு இறந்த செயின்ட் ஹெலினா தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட சவப்பெட்டிக்குள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் வழிகாட்டிகளுக்குப் பயன்படும். இதே மேட்டில் 1758இல் ரிபார் என்ற கட்டடக் கலைஞர் பிரம்மாண்டமான யானை வடிவக் கட்டடம் ஒன்றைக் கட்டத் திட்டம் கொடுத்தார். வயிற்றுக்குள் சுருள் படிக்கட்டும் கூடங்களும் வைத்து வரைபடமே போட்டிருந்தார். அரசாங்கம் மறுத்துவிட்டது. யானை வந்திருந்தால் நம்மவர்கள் நிச்சயம் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றிருப்பார்கள்.

வளைவு ஏறத்தாழ 50 மீட்டர் உயரம், 45 மீட்டர் அகலம், 22 மீட்டர் ஆழம். அந்த ஆழம் படத்தில் தெரியாது. அடியில் போய் நின்று அண்ணாந்தால்தான் தெரியும். 1919 ஜூலையில் முதல் உலகப் போர் வெற்றி அணிவகுப்பில் விமானிகளையும் தரையில் நடக்கச் சொன்னார்கள் என்று அவர்களுக்குக் கோபம். அதைத் தீர்க்க வளைவுக்குள்ளேயே விமானம் ஓட்டுவது என்று முடிவு செய்தார்கள். அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ழான் நவார் முன்பயிற்சியின்போதே விபத்தில் இறந்தார். ஆகஸ்ட் 7 அன்று ஷார்ல் கோத்ஃபுருவா என்பவர் ஓட்டிக் காட்டினார். திறப்பின் அகலம் பதினைந்து மீட்டர்கூட இல்லை.

உள்சுவர்கள் முழுவதும் பெயர்கள். புரட்சிக் காலத்திலும் நெப்போலியன் காலத்திலும் போரிட்ட தளபதிகளின் பெயர்கள் மட்டும் 660. போர்க்களங்களின் பெயர்கள் தனி. போரில் இறந்தவர்களின் பெயருக்கு அடியில் கோடு இழுத்திருக்கிறார்கள். இதை யாராவது சொன்னால் போதும், மக்கள் தாங்களே கோடுகளைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். வெனிசுவேலாவின் விடுதலைக்குப் போராடிய மிராந்தாவின் பெயர் அங்கே இருக்கிறது, ஏனென்றால் அதற்கு முன் அவர் பிரெஞ்சுப் புரட்சிப் படையில் தளபதி. இன்றைய ஹெய்ட்டியில் அடிமைப் பெண்ணுக்கு மகனாகப் பிறந்து தளபதியாக உயர்ந்த தோமா அலெக்சாந்தர் துய்மாவின் பெயரும் இருக்கிறது. நாவலாசிரியர் துய்மாவின் தந்தை அவர்.

விட்டுப்போன பெயர்களால் பெரிய சண்டையே நடந்தது. வளைவு திறந்ததும், "என் தகப்பனார் பெயர் எங்கே, எங்கள் தளபதி பெயர் எங்கே" என்று புகார்கள் குவிந்தன. பிறகு மேலும் பெயர்கள் சேர்க்கப்பட்டன. எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் தந்தையும் ஒரு தளபதி. அவர் பெயரும் விட்டுப்போயிருந்தது. 1837இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பை மகன் தந்தைக்குச் சமர்ப்பித்தபோது, வளைவில் பெயர் பொறிக்கப்படாதவர் என்று சமர்ப்பணத்திலேயே அச்சிட்டுவிட்டார். 1885இல் ஹியூகோ இறந்தபோது, அவருடைய உடல் இதே வளைவின் அடியில் ஓர் இரவு முழுவதும் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. தந்தைக்குச் சுவரில் இடம் கேட்ட மகனுக்கு வளைவு முழுவதையும் கொடுத்துவிட்டார்கள். உங்கள் பயணிகளில் பாதிப்பேர் கல்வெட்டில் பெயர் விட்டுப்போனதற்காகக் கோயில் நிர்வாகத்தோடு சண்டை போட்டவர்களாகவோ, அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளாகவோ இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதை புரியாதா?

இனி, நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

வளைவின் அடியில், தரையோடு தரையாக, ஒரு கல்லறை இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த, பெயர் தெரியாத பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவருடையது. 1920 நவம்பர் 10 அன்று வெர்தன் கோட்டையின் சுரங்க அறையில் எட்டுச் சவப்பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். வெவ்வேறு போர்முனைகளிலிருந்து எடுத்து வந்த, அடையாளம் தெரியாத எட்டு உடல்கள். ஒகுஸ்த் தேன் என்ற இளம் சிப்பாயின் கையில் மலர்க்கொத்தைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவருடைய தந்தையும் அதே போரில் காணாமற்போனவர். அவருடைய படைப்பிரிவின் எண் 132. மூன்று இலக்கங்களையும் கூட்டினால் ஆறு. ஆறாவது பெட்டியின் மேல் மலரை வைத்தார். மறுநாள் அந்தப் பெட்டி பாரிசுக்கு வந்தது. 1921 ஜனவரி 28 அன்று வளைவின் அடியில் புதைக்கப்பட்டது. அன்றிலிருந்து இராணுவ அணிவகுப்புகள் வளைவுக்குள் புகுந்து போவதில்லை, சுற்றித்தான் போகின்றன. மாமன்னரின் வெற்றிக்காகத் திறந்த வாசலைப் பெயரில்லாத ஒருவர் படுத்துக்கொண்டு மூடிவிட்டார்.

1923 நவம்பர் 11 அன்று அப்போதைய போர் அமைச்சர் மாஜினோ அங்கே ஒரு சுடரை ஏற்றினார். அன்றுமுதல் ஒவ்வொரு நாளும் மாலை 6.30 மணிக்கு அந்தச் சுடரைப் புதிதாகத் தூண்டுகிறார்கள். ஒவ்வொரு நாளும். 1940 ஜூன் 14 அன்று ஜெர்மானியப் படை பாரிசுக்குள் நுழைந்தது. அன்று மாலையும் நடந்தது. முன்னாள் படைவீரர் சங்கங்கள் முறை வைத்து வருகின்றன. பள்ளிப் பிள்ளைகளும் வருவதுண்டு. கொடி ஏந்திய முதியவர்கள் வரிசையாக நிற்பார்கள், மலர்வளையம் வைப்பார்கள், எக்காளம் ஒலிக்கும், வாள் வடிவக் கருவி ஒன்றால் சுடரைத் தூண்டுவார்கள், அமைதி காப்பார்கள். மேடைப்பேச்சு கிடையாது. எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இதற்கு டிக்கெட் இல்லை. சுரங்கப்பாதை வழியாக வந்து வளைவின் அடியில் நிற்பதற்கும் கட்டணம் இல்லை. மேல்தளத்துக்கு ஏறத்தான் டிக்கெட். உலகத்தின் எத்தனையோ நகரங்களில் சுற்றுலாப் பயணிகள் கூடிப் பார்க்கும் அலங்காரக் காவல் மாற்றங்களைப் பார்த்திருப்பீர்கள். இது அந்த வகையைச் சேர்ந்ததில்லை. பார்வையாளர்கள் யாரும் வராவிட்டாலும் அந்த முதியவர்கள் வருவார்கள். நம்மவர்கள் இதைப் பார்த்தால் எங்கே நிற்க வேண்டும், எப்போது வாய்மூட வேண்டும் என்று வழிகாட்டி சொல்லித்தர வேண்டியிருக்காது. தினசரி விளக்கேற்றும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள் அவர்கள்.

என் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அருகே, முதல் உலகப் போரில் பிரான்சுக்காக இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜூலை 14 அன்று விளக்கு அலங்காரம் செய்வார்கள். அதன் முன்னால் ஐஸ்கிரீம் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள், பாரிசில் அதே போரின் கல்லறையைப் பஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். புதுச்சேரியிலிருந்து ஆள் சேர்க்கும் நிறுவனத்தார் இதை மட்டுமாவது யோசிக்க வேண்டும்.

உங்கள் பதில்கள் எனக்குத் தெரியாதவை இல்லை. பஸ் அங்கே நிறுத்தி வைக்க முடியாது என்பீர்கள். உண்மை, முடியாது. ஆனால் சுற்றியுள்ள அகலச் சாலைகள் ஒன்றில் இறக்கிவிட்டு, பிறகு வந்து ஏற்றிக்கொள்ளலாம். இரவு உணவகங்களுக்கு நீங்கள் அப்படித்தானே செய்கிறீர்கள்? ஓட்டுநரின் வேலை நேரம் முடிந்துவிடும் என்பீர்கள். ஐரோப்பாவில் அந்த விதி கடுமையானதுதான். அதை மீறச் சொல்லவில்லை. காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளப்புங்கள், பயணிகள் உங்களை வாழ்த்துவார்கள். குழு சிறியதென்றால் இன்னும் எளிது: ஈஃபில் கோபுரத்துக்கு அருகில் உள்ள பீர் அகேம் நிலையத்திலிருந்து 6ஆம் எண் மெட்ரோ நேராக வளைவுக்கு வருகிறது. வழியில் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே, பாலத்தின் மேல் சேன் நதியைக் கடக்கும். ஜன்னலில் கோபுரம் தெரியும். சட்டைப்பையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

வயதானவர்கள் ஏற முடியாது என்பீர்கள். மேல்தளத்துக்கு 284 படிகள், சுருள் படிக்கட்டு. எல்லோரையும் ஏற்ற வேண்டாம். சுரங்கப்பாதையிலும் படிகள் உண்டு, ஆகையால் மெதுவாக இறங்கி ஏற நேரம் கொடுங்கள். இளையவர்கள் மேலே போய்ப் பன்னிரண்டு சாலைகளும் நட்சத்திரமாக விரிவதைப் பார்க்கட்டும். ஒரு பக்கம் லூவ்ர் அருங்காட்சியகம் வரையும் மறுபக்கம் லா தெஃபான்ஸ் வணிகப் பகுதியில் 1989இல் கட்டிய நவீன வளைவு வரையும் ஒரே நேர்கோடு ஓடுவதைப் பார்க்கட்டும். ஈஃபில் கோபுரம் அங்கிருந்து முழுசாகத் தெரியும். கோபுரத்தின் மேல் ஏறியவருக்குத் தெரியாதது அது ஒன்றுதான். பெரியவர்கள் கீழே சிற்பங்களையும் பெயர்களையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். என்னைக் கேட்டால் நல்ல பங்கு கீழே இருப்பவர்களுக்குத்தான்.

பயணிகள் இதையெல்லாம் கேட்பதில்லை என்பது உங்கள் கடைசி வாதமாக இருக்கும். பெயரே தெரியாததை எப்படிக் கேட்பார்கள்? உங்கள் தாளில் இருப்பது "போட்டோ ஸ்டாப்" என்றால் போட்டோவைத்தான் கேட்பார்கள்.

நான் கேட்பது இதுதான். மாலை 5 மணிக்கு வந்துவிடுங்கள். ஏறுகிறவர்களை மேலே அனுப்புங்கள், மற்றவர்களை நான்கு சிற்பங்களையும் சுற்றிக் காட்டுங்கள், பின்பக்கத்தை மறக்காமல். 6.15க்கு எல்லோரும் கல்லறைக்கு அருகே கூடட்டும். 7 மணிக்குப் பஸ் ஏறலாம், சாப்பாடு ஆறிவிடாது. வாசனைத் திரவியக் கூடத்தில் அரை மணி குறைத்தாலே இதற்குக் கால்வாசி நேரம் கிடைத்துவிடும். மே மாதத்தில் அழைத்து வருகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: மே 10ஐ ஒட்டிய சில மாலைகளில், ஒன்பது மணிக்கு மேல், ஷான்ஸ் எலிசேயிலிருந்து பார்த்தால் சூரியன் வளைவின் திறப்புக்கு நேராக இறங்கும். பாரிஸ்காரர்களே கேமராவோடு வந்து நிற்பார்கள். அந்த ஒரு காட்சிக்கு மட்டும் சாலையின் எதிர்ப்பக்கம்தான் சரியான இடம்; உங்கள் குழு அந்த நேரத்தில் உணவகத்தில் குலாப் ஜாமூனுக்குக் காத்திருக்கிறது.

வழிகாட்டிகளுக்குக் கொடுக்கத் தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். அடுத்த கோடைக்கான தாள்களை ஆண்டு முடிவதற்குள் அச்சுக்குக் கொடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். அதற்கு முன் பதில் எழுதுங்கள். உங்களில் ஒரு நிறுவனம் எழுதினாலும் அடுத்த முறை தாள் அனுப்பிக் கேட்கும் உறவினர்களுக்கு எதைச் சொல்வது என்று எனக்குத் தெளிவாகிவிடும்.

இப்படிக்கு,
பாரிசில் வாழும் ஒரு புதுச்சேரிக்காரன்